கட்டுநர் கையில் வீட்டு உரிமையாளர் சங்கம்: ஓர் அமெரிக்க வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனியார் மனைப்பிரிவில் வீடு வாங்குவோர் கட்டாயமாக உறுப்பினராகும் அமைப்பு வீட்டு உரிமையாளர் சங்கம் எனப்படுகிறது. நம் ஊர்க் குடியிருப்போர் நலச் சங்கம் போல விரும்பினால் சேர்ந்து, பிடிக்காவிட்டால் விலகக்கூடிய அமைப்பு அன்று இது. உறுப்பினர் நிலை வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தே வரும். வீட்டை விற்றால்தான் அதிலிருந்து வெளியேற முடியும். உட்சாலை, மழைநீர்க் குளம், பூங்கா, நீச்சல்குளம் போன்ற பொதுச் சொத்துகளைப் பராமரிக்கச் சங்கம் உறுப்பினர்களிடம் கட்டணம் வசூலிக்கும். கட்டணம் செலுத்தாதவரின் வீட்டின் மீது சங்கத்துக்குப் பற்றுரிமை உண்டு. பல மாநிலங்களில் அந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரவும் சங்கத்தால் முடியும்.

1970-இல் இத்தகைய சங்கங்கள் நாடு முழுவதும் சுமார் 10,000 இருந்தன என்பது இத்துறையின் தேசிய அமைப்பு தரும் மதிப்பீடு. இன்று அவை 3,50,000-ஐத் தாண்டிவிட்டன.

இச்சங்கத்தைத் தொடங்குபவர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர். நிலத்தை வாங்கி, மனைகளாகப் பிரித்து, வீடு கட்டி விற்கும் நிறுவனமே (இக்கட்டுரையில் ‘கட்டுநர்’) அதைத் தொடங்குகிறது. முதல் வீடு விற்பனையாகும் முன்பே விதிகளை எழுதி நிலப் பதிவேட்டில் ஏற்றுவதும், முதல் இயக்குநர் குழுவை நியமிப்பதும், முதல் ஆண்டுக் கட்டணத்தை முடிவு செய்வதும் கட்டுநரே. எல்லா மனைகளும் விற்றுத் தீரும்வரை ஒருவர் பொறுப்பில் இருக்கத்தானே வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பொய்யும் அன்று. ஆனால் அந்த இடைக்காலம் எப்போது முடியும், அதுவரை கட்டணத்தை யாருடைய நலனுக்காக விதிப்பது என்ற இரு கேள்விகளுக்கு அமெரிக்கச் சட்டம் தெளிவான விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நான்கு டாலர் வழக்கு

நியூயார்க் நகரில் சாமுவேல் ரக்கிள்ஸ் என்பவர் 1831-இல் தம் நிலத்தின் நடுவே கிராமர்சி பூங்காவை ஒதுக்கி, அதை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். சுற்றியுள்ள மனைக்காரர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பராமரிப்புச் செலவும் அவர்களுடையது. பூங்காவுக்குப் பூட்டும் சாவியும் இன்றளவும் உண்டு. தனியார் பொதுச்சொத்துக்குத் தனியார் கட்டணம் என்ற கருத்து இவ்வாறு வேர்விட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்சஸ் சிட்டியின் ஜே. சி. நிக்கல்ஸ் இதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1914-இல் அவர் மிஷன் ஹில்ஸ் பகுதியில் வீட்டுச் சங்கம் அமைத்தார். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் பத்திர நிபந்தனைகளை அவர் பரவலாக்கினார். பெரும்பான்மை உரிமையாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்தால்தான் அவற்றை நிறுத்த முடியும். கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இதே பத்திரங்களில் இருந்தது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்த நிறுவனத்தின் பிறப்பைப் பேசும்போது இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

கட்டணம் வசூலிக்கும் உரிமைக்கு உறுதியான சட்ட அடித்தளம் 1938-இல் கிடைத்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக் கடற்கரையில் நெப்போன்சிட் என்ற மனைப்பிரிவு உண்டு. 1917-இல் அங்கு மனை விற்ற நிறுவனம், சாலை, பூங்கா, கடற்கரை ஆகியவற்றின் பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு என்று பத்திரத்தில் எழுதியது. 20-க்கு 100 அடி மனைக்கு அது ஆண்டுக்கு 4 டாலரைத் தாண்டக் கூடாது. பின்னாளில் ஒரு மனை ஏலத்தில் ஒரு வங்கியின் கைக்கு வந்தது. ‘வாக்குக் கொடுத்தது முதல் உரிமையாளர், நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?’ என்பது வங்கியின் வாதம். மேலும் வசூலிக்க வந்த சங்கத்துக்கு அங்கு ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை என்றும் அது வாதிட்டது. நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. கட்டணக் கடமை நிலத்தோடு செல்லும். சங்கம் வீட்டுக்காரர்களின் கருவி என்பதால் அது வழக்குத் தொடரலாம் என்றது.

சங்கத்தை வீட்டுக்காரர்களின் கருவியாகக் கண்டு வந்த தீர்ப்பு இது. சங்கம் கட்டுநரின் கையில் இருக்கும் காலத்துக்கும் அதே அதிகாரம் செல்லுபடியாயிற்று. நெப்போன்சிட் பத்திரத்தில் 4 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. பின்வந்த எத்தனையோ பத்திரங்களில் அப்படிப்பட்ட வரம்பு இல்லை.

கட்டுநர் போன பின்பும்

கட்டுநர் வகுத்த அதிகார அமைப்பு அவருக்குப் பிறகும் வாழும் என்பதற்கு நியூ ஜெர்சியின் ராட்பர்ன் சான்று. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் ஆகியோர் வடிவமைத்த இந்தக் குடியிருப்பை 1929-இல் சிட்டி ஹவுசிங் கார்ப்பரேஷன் தொடங்கியது. வாகனப் பாதையையும் நடைபாதையையும் பிரித்த அதன் அமைப்பை நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதன் நிர்வாக விதிகளைப் படிப்போர் குறைவு. அவ்விதிகளின்படி, கட்டணம் செலுத்தும் குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் அல்லர். இந்நாள், முன்னாள் அறங்காவலர்களே உறுப்பினர்கள். தேர்தலில் யார் நிற்கலாம் என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்தனர்.

1930-களின் பொருளாதார நெருக்கடியில் கட்டுநர் நிறுவனம் நொடித்துப்போனது. அமைப்பு நொடிக்கவில்லை. 2006-இல் குடியிருப்போர் சிலர் வழக்குத் தொடுத்தும், நிர்வாக முறையை மாற்ற நீதிமன்றம் இணங்கவில்லை. 2017-இல் நியூ ஜெர்சி சட்டமன்றம் இயற்றிய சட்டம்தான் வீட்டுக்காரர்களை உறுப்பினராக்கித் தேர்தல் உரிமையை உறுதி செய்தது. அச்சட்டத்தை மக்கள் ராட்பர்ன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். இடையில் கழிந்தவை 88 ஆண்டுகள்.

மூன்று வாக்குக் கணக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கடன்களுக்குக் காப்பளித்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், சங்கங்களுக்கு மாதிரி விதிகளை வகுப்பதில் பங்கேற்றது. அந்த நிர்வாகத்தைச் சேர்ந்த பைரன் ஹாங்கே தலைமையில் உருவாகி, நகர்ப்புற நில நிறுவனம் 1964-இல் வெளியிட்ட வீட்டுச் சங்கக் கையேடு நாடெங்கும் கட்டுநர்களின் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

மாதிரி விதிகளில் உறுப்பினர்கள் இரு வகுப்பினர். வீடு வாங்கியவருக்கு மனைக்கு ஒரு வாக்கு. கட்டுநருக்கு விற்காத மனை ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கு. 24 மனைகள் கொண்ட ஒரு சிறு மனைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். பாதி விற்ற நிலையில் வீட்டுக்காரர்களுக்கு 12 வாக்கு, கட்டுநருக்கு 36. பதினெட்டு விற்றால் 18-க்கு 18, சரிசமம். அதாவது நான்கில் மூன்று பங்கு விற்ற பிறகுதான் தராசு சாயத் தொடங்குகிறது. பின்னாளைய சட்டங்களில் அடிக்கடி காணப்படும் 75 விழுக்காடு என்ற எண்ணும் இந்தக் கணக்கும் ஒத்துப்போவதைக் கவனிக்கலாம்.

பின்வந்த வழக்கறிஞர்கள் மூன்றோடு நிற்கவில்லை. மனைக்கு ஒன்பது, பத்து வாக்குகள் என்று எழுதிய பத்திரங்களும் உண்டு. பத்து வாக்கு என்றால், மேற்சொன்ன மனைப்பிரிவில் 21 மனைகள் விற்ற பின்பும் கட்டுநருக்கு 30 வாக்கு, வீட்டுக்காரர்களுக்கு 21.

சிறிய சங்கங்களின் தனித் துன்பம் இங்குதான் இருக்கிறது. 90 விழுக்காடு விற்றால் கைமாற்றம் என்று விதி இருந்தால், 1,000 மனைகள் கொண்ட பெரிய குடியிருப்பில் அதிகாரத்தைத் தக்கவைக்க நினைக்கும் கட்டுநர் நூறு மனைகளுக்கு மேல் விற்காமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பணத்தை முடக்க எந்த வணிகரும் விரும்பமாட்டார். 24 மனைகளில் மூன்றை விற்காமல் வைத்தால் போதும். ஒன்று மாதிரி வீடு, ஒன்று விற்பனை அலுவலகம், ஒன்று வெறும் புல்தரை. அதிகாரம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

கட்டணத்திலும் சிறுமை சுமையாகிறது. உட்சாலை, மழைநீர்க் குளம், காப்பீடு, கணக்காளர், மேலாண்மை நிறுவனத்தின் குறைந்தபட்சக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 36,000 டாலர் ஆவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 300 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 120 டாலர். 24 வீடுகளுக்கு 1,500. கட்டுநரின் விற்காத மனைகளுக்குக் கட்டணம் இல்லை என்று பத்திரம் சொல்லி, 12 வீடுகளே விற்றிருந்தால் வீட்டுக்கு 3,000 டாலர். பாதி மனைகள் சொந்தமாக உள்ளவர் ஒரு காசும் தராமல், செலவை முடிவு செய்யும் வாக்கை மட்டும் வைத்திருப்பார். அத்தகைய விலக்கை அளித்த பத்திரங்கள் அரியவை அல்ல.

சாலையும் குளமும் ஏன் இவர்கள் தலையில் விழுகின்றன என்ற கேள்வி எழலாம். கலிபோர்னியாவில் 1978-இல் 13-ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு வரம்பு கட்டியது. வரி வருவாய் இறுகிய உள்ளாட்சிகளுக்கு, புதிய மனைப்பிரிவின் சாலையையும் வடிகாலையும் அந்தந்தச் சங்கமே பார்த்துக்கொள்வது வசதியாயிற்று. நகராட்சிக்கும் வரி, சங்கத்துக்கும் கட்டணம் என்று இருமுறை செலுத்துகிறோம் என்ற மனக்குறை வீட்டுக்காரர்களிடம் அன்று தொட்டு இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை

கட்டுநரின் அதிகாரமும் உயர்ந்த கட்டணமும் ஒன்றையொன்று எப்படி வளர்க்கின்றன என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது ஃபுளோரிடா. 1963-இல் அம்மாநிலம் காண்டோமினியம் எனப்படும் அடுக்கக உரிமைச் சட்டத்தை இயற்றியது. நியூயார்க் போன்ற குளிர் நகரங்களில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் தம் சேமிப்பைக் கொண்டு தென் ஃபுளோரிடாவில் சிறு அடுக்ககங்களை வாங்கினர். விலை மலிவு. நீச்சல்குளமும் மன்றமும் கண்ணெதிரே இருந்தன.

அவை அடுக்ககத்தோடு விற்கப்படவில்லை என்பது பலருக்குப் பின்னரே புரிந்தது. குளமும் மன்றமும் கட்டுநரின் சொந்தச் சொத்தாகவே இருந்தன. கட்டுநர் அவற்றை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சங்கத்துக்கு விட்டார். சங்கத்தின் சார்பில் ஒப்பமிட்டவரும் கட்டுநர் நியமித்த தலைவரே. குத்தகைக்கு விடுபவரும் எடுப்பவரும் மேசையின் இரு பக்கமும் தாமே அமர்ந்து பேரம் பேசி முடித்தார்கள் எனலாம். குத்தகைத் தொகை ஒவ்வொரு வீட்டின் கட்டணத்திலும் சேர்ந்தது. நீச்சல் தெரியாதவரும், படுக்கையில் கிடப்பவரும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீட்டின் மீது பற்றுரிமை. இத்துடன் கட்டுநரின் கிளை நிறுவனத்தோடு நீண்டகால மேலாண்மை ஒப்பந்தமும் சேர்ந்து வந்தது.

இந்தக் குத்தகைகளில் பலவற்றில், நுகர்வோர் விலைக் குறியீட்டெண் உயர உயரத் தொகையும் உயரும் என்ற விதி இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1974-இல் அமெரிக்காவின் பணவீக்கம் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தொட்டது. நிலையான வருமானத்தில் வாழ்ந்த முதியவர்களின் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. குளமும் மன்றமும் பழசாகிக்கொண்டே போயின.

நீதிமன்றம் முதலில் கட்டுநர் பக்கம் நின்றது. ஃபவுண்டன்வியூ எதிர் பெல் வழக்கில் (1968), ஒப்பந்தம் நடந்தபோது கட்டுநரைத் தவிர வேறு உறுப்பினரே இல்லை. அப்படியிருக்க யாருக்கு அவர் துரோகம் செய்தார் என்ற நோக்கு ஏற்கப்பட்டது. ஏட்டளவில் சரியான வாதம். நாளை வரப்போகும் உறுப்பினர்களுக்காகத்தான் அந்தச் சங்கமே உருவாக்கப்பட்டது என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. 1970-களில் அவிலா சவுத் வழக்கில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சங்கப் பதவியில் இருந்துகொண்டு தனக்கு ஆதாயம் தேடும் கட்டுநர், நம்பிக்கைப் பொறுப்பை மீறியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது.

1975-இல் சட்டமன்றம் குறியீட்டெண்ணோடு ஏறும் விதியையே தடை செய்தது. முதியவர்கள் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தங்களைப் புதிய சட்டம் தொடாது என்று அடுத்த ஆண்டே ஃபிளீமன் எதிர் கேஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டத்துக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்பதே காரணம்.

வழி திறந்தது ஒரு சிறு சொற்றொடரால். சில அடுக்ககங்களின் மூலப் பத்திரத்தில், காண்டோமினியம் சட்டத்தை ‘அவ்வப்போது திருத்தப்படும் வடிவில்’ ஏற்பதாகக் கட்டுநரின் வழக்கறிஞரே எழுதியிருந்தார். அப்படியானால் 1975-இன் திருத்தமும் பத்திரத்தின் பகுதியே என்று 1977-இல் காஃப்மன் எதிர் ஷேர் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஃபுளோரிடா வழக்கறிஞர்கள் இன்றும் அதைக் ‘காஃப்மன் சொற்கள்’ என்கிறார்கள். அச்சொற்கள் இருந்த கட்டடத்தில் ஏற்றம் நின்றது. அவை இல்லாத பக்கத்துக் கட்டடத்தில் தொடர்ந்தது. பத்திரத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வகுப்பறைக்குக் கிடைக்காது.

1980-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் தலையிட்டது. கட்டுநர் தன் அதிகாரக் காலத்தில் தன்னோடு தானே செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களை, கட்டுநர் அல்லாத உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்துக்கொள்ள அந்தச் சட்டம் இடமளித்தது. ஆனால் அது காண்டோமினியங்களுக்கும் கூட்டுறவு வீடுகளுக்கும் மட்டுமே உரியது. தனி வீடுகள் கொண்ட மனைப்பிரிவுச் சங்கங்கள் அதற்குள் வரவில்லை.

குறைந்த கட்டணத்தின் மறுபக்கம்

கட்டுநர் எப்போதும் கட்டணத்தை உயர்த்துவார் என்று எண்ணினால் பாதிதான் சரி. விற்பனை மும்முரமாக நடக்கும்போது கட்டணம் குறைவாக இருப்பதே வணிகத்துக்கு நல்லது. கூரைக்கும் சாலைக்கும் சேர்த்துவைக்க வேண்டிய இருப்பு நிதியைத் தொடாமல் விட்டால் கட்டணம் குறைந்து காணப்படும். கைமாறிய பிறகு, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீட்டுக்காரர் குழுதான் கட்டணத்தை இருமடங்காக்கிக் கெட்ட பெயர் வாங்கும். கலிபோர்னியாவின் ரேவன்ஸ் கோவ் வழக்கில் (1981), கட்டுநரின் ஊழியர்களே இயக்குநர்களாக இருந்து இருப்பு நிதிக்குக் கட்டணம் விதிக்காமல் விட்டது பொறுப்பு மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காலவரையறை

1982-இல் மாநிலச் சட்ட ஒருமைப்பாட்டு ஆணையர்கள் பொது நல உடைமைக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டனர். கனெக்டிகட், நெவாடா, கொலராடோ முதலான சில மாநிலங்கள் அதைத் தழுவின. கட்டுநரின் அதிகாரம் படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது அதன் வழி. 25 விழுக்காடு விற்றால் குழுவில் கால்பங்கு வீட்டுக்காரர்களுக்கு. 50 விழுக்காடு விற்றால் மூன்றிலொரு பங்கு. 75 விழுக்காடு விற்ற 60 நாட்களுக்குள் முழு அதிகாரமும். வழக்கமான விற்பனையை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆனாலும் அதிகாரம் போய்விடும். மூன்று மனைகளை வேண்டுமென்றே விற்காமல் வைத்திருக்கும் உத்திக்கு இந்த இரண்டாண்டு விதிதான் மருந்து. கட்டுநர் தன் நிறுவனத்தோடு செய்த மேலாண்மை ஒப்பந்தத்தைப் புதிய குழு 90 நாள் அறிவிப்புடன் தண்டமின்றி முடிக்கலாம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. விழுக்காடு கணக்கிடப்படுவது கட்டிய வீடுகளின் மீது அன்று, கட்டப்படக்கூடிய வீடுகளின் மீது. ‘இரண்டாம் கட்டத்தில் மேலும் 40 வீடுகள்’ என்று பத்திரத்தில் எழுதி வைத்தால், அந்த வீடுகள் காகிதத்தில் மட்டும் இருந்தாலும் கணக்கில் வரும். 2008-இன் வீட்டுச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் பாதியில் நின்ற மனைப்பிரிவுகளில் இது கண்கூடாகத் தெரிந்தது.

ஃபுளோரிடா தன் மனைப்பிரிவுச் சங்கங்களுக்கு 90 விழுக்காடு என்ற கடினமான எல்லையை வைத்திருக்கிறது. அதை எட்டி மூன்று மாதம் கழித்தே பெரும்பான்மை இடங்கள் வீட்டுக்காரர்களுக்கு வரும். பாதி விற்றதும் குழுவில் அவர்களுக்கு ஓர் இடமாவது உண்டு என்பது பின்னர் சேர்ந்தது. வரவுக்கு மேற்பட்ட செலவைத் தானே ஏற்பதாக உறுதியளித்தால், கட்டுநர் தன் மனைகளுக்குக் கட்டணம் செலுத்தாமல் இருக்கவும் அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது.

அதே ஃபுளோரிடாவில் பழைய குத்தகை புதிய பெயரில் திரும்பி வந்தது. பாயின்சியானா பகுதியில் உள்ள சொலிவிட்டா, 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பெரிய குடியிருப்பு. மன்றமும் நீச்சல்குளங்களும் கட்டுநரான அவதார் நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டுக்காரர்கள் மாதந்தோறும் மன்றச் செலவுக்கான தொகையோடு ‘மன்ற உறுப்பினர் கட்டணம்’ என்ற தனித்தொகையும் செலுத்தினர். அது பராமரிப்புக்குப் போகவில்லை, கட்டுநரின் இலாபம். சிலர் அனைவர் சார்பிலும் வழக்குத் தொடுத்தனர். கட்டணம் என்பது செலவில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்குதான் என்று சொல்லும் மாநிலச் சட்டத்தின்படி, இலாபத்தைக் கட்டணமாக வசூலிக்க முடியாது என்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 3 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் திருப்பித் தர வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை 2023-இல் ஃபுளோரிடாவின் ஆறாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.